நாய் தண்ணீர் குடிக்கும் விதம்

எங்கள் ஊருக்கே அக்கா முறையான அந்த ராத்தாவிடம் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பிரிப்பு நடக்கும். "இது நான் கண்ட கத" என்பார். அல்லது, "இது நான் கேட்ட கத" என்பார். அதற்குப் பிறகுதான் கதை வரும். கண்ட கதையென்றால் நம் முகத்தை நேரே பார்த்துச் சொல்வார். கேட்ட கதையென்றால் யார் சொன்னது, அந்த ஆள் பொய் சொல்லக்கூடியவரா என்பதையும் சேர்த்துச் சொல்வார். மார்க்க விஷயங்களை அறிவித்தவர்களை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள் என்று எங்கள் மௌலவி பயானில் சொல்லியிருக்கிறார். ராத்தா அந்த முறையை நாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்திருந்தார்.

ஓம், நாய்களுக்கும்தான். கல்முனைக்குக் கிட்ட, கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நாய் வளர்க்கும் வீடு ஒன்றுகூட இல்லை. நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாய் தெருவில் ஒரு பக்கமாக வந்தால் நாங்கள் மற்றப் பக்கமாகப் போவோம். நாயைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ராத்தா குவைத்தில் ஒரு வெள்ளைக்கார மிருக வைத்தியரின் வீட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர். அந்த வீட்டில் ஐந்து நாய், மூன்று பூனை. வெளிநாட்டு வேலைக்குப் போன மற்றப் பெண்கள் போர்வையும் சங்கிலியும் கொண்டுவந்தார்கள். அவரும் கொண்டுவந்தார். கூடவே நாய்களின் இனம், குணம், நாக்கின் நிறம் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஊர் அவருக்கு 'நாய் டொக்டர்' என்று பெயர் வைத்தது. அதற்கு அவர் கோபித்ததே இல்லை.

புருஷன் மௌத்தாகி, பிள்ளைகளும் இல்லாதவர். வந்த பிறகு ஆப்பம் சுட்டு விற்றார். நெடுநெடுவென்று உயரம், அடுப்புப் புகை மணக்கும் கறுப்பு அபாயா, கையில் துணி மூடிய ஆப்பப் பேசின். ஆப்பம் வாங்க வருகிற பெண்களில் ஒருத்தியாவது சீண்டாமல் விடமாட்டாள்.

"கையக் கழுவினயா கா? நாய் தொட்ட கை!"

"பன்னிரண்டு வருஷமும் ஏழு தரம் கழுவின கை கா இது. நீ மீன் ஆஞ்ச கையோட வந்திரிக்காய். அத முதல்ல கழுவு."

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அரிசி மில்லில் தராசடிக்கு வந்தவன். காலையில் எங்கள் மில்லுக்கு ஆப்பம் கொண்டுவருவது அவர்தான். மில்லில் எலிக்காகப் பூனைகள் இருந்தன. அவற்றில் ஒன்று கறுப்பும் வெள்ளையும் செம்மஞ்சளுமாக மூன்று நிறம். மூட்டை தூக்குகிற, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான காசிம் காக்கா அதற்குச் 'சிங்கன்' என்று பெயர் வைத்து, தன் சாப்பாட்டில் மீன் தலை கொடுத்து வளர்த்தார். ஒரு நாள் ராத்தா தூரத்தில் நின்றே அதைப் பார்த்துவிட்டு, "அது கடுவன் இல்ல காக்கா, பெட்டை" என்றார்.

"ராத்தா, பூனைய நான் மூணு மாசமா பாக்கிறன். நீங்க பேசினோட வாசல்ல நிக்கிறீங்க. அங்கேருந்து என்ன தெரியுது?"

"நிறம் தெரியுது. மூணு நிறம் கலந்தா பெட்டைதான். நான் கண்டதெல்லாம் அப்பிடித்தான். எப்பயாவது ஒண்டு கடுவனாப் பிறக்கும் என்டு டொக்டர் சொன்னவர். அது கேட்ட கத, நான் காணல்ல."

மில்லே சிரித்தது. காசிம் காக்கா சிங்கனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து காட்டினார். பத்துப் பன்னிரண்டு நாளில் வெற்றுச் சாக்குகளுக்கிடையே சிங்கன் நாலு குட்டி போட்டது. காசிம் காக்கா அன்று முழுக்க மூட்டைகளுக்குப் பின்னாலேயே நின்றார். மறுநாள் ராத்தா வந்தபோது குட்டிகளைப் பார்த்தார், காசிம் காக்காவைப் பார்த்தார், அவருக்கு ஓர் ஆப்பம் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய கண்ட கதைகளை நாங்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாகக் கேட்டோம். பூனைக்கு இனிப்பு தெரியாது என்றார். நம்பாதவர்களுக்காக இரண்டு சிரட்டையில் பால் ஊற்றி ஒன்றில் சீனி போட்டுக் காட்டினார். ஐந்து பூனையும் கிட்டத்தில் எது இருந்ததோ அதைக் குடித்தன. ஒன்றாவது சீனிப் பாலைத் தேடிப் போகவில்லை. பூனையும் ஒட்டகமும் ஒரே நடை என்றார்: இடப் பக்கத்துக் கால் இரண்டும் ஒன்றாகப் போகும், பிறகு வலப் பக்கத்துக் கால் இரண்டும். "ரெண்டு நடையையும் நான் கண்டிரிக்கன். ஒட்டகத்துக்கு முதுகில கூன், இதுக்கு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்." அன்றிலிருந்து இன்றுவரை பூனை நடந்தால் நான் காலைத்தான் பார்க்கிறேன்.

நாய்க் கதைகளில் ஒன்றைச் சொல்லும்போது அவரே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைப்பார். அந்த வைத்தியர் வீட்டில் டல்மேஷன் என்று ஓர் இனம். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி, மை தெறித்த மாதிரி. அது குட்டி போட்ட நேரம் வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தார்கள். ராத்தா போய்ப் பார்த்தால் எட்டுக் குட்டியும் சுத்த வெள்ளை, ஒரு புள்ளி இல்லை.

"எட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தன் தம்பி. யாரோ வந்து நல்ல குட்டிகளக் களவெடுத்து, வேற குட்டிய வெச்சிட்டுப் போயிட்டான், பழி என்ட தலையில என்டு நினைச்சன். ரெண்டு ரக்அத் தொழுதிட்டு அழுதன். டொக்டர் வந்து பாத்திட்டுச் சிரிக்கிறார். டல்மேஷன் குட்டி பிறக்கிற நேரம் புள்ளி இரிக்காதாம். நான் நம்பல்ல. அது கேட்ட கததானே! மறுகா ரெண்டு கிழமையில ஒவ்வொண்டா புள்ளி வருது. நான் விடிய எழும்பின உடனே போய்ப் பாப்பன், எந்தக் குட்டிக்கு எத்தின என்டு."

அந்த எட்டில் ஒன்றுக்குக் கண் நீலம். அது மட்டும் கூப்பிட்டால் வராது, மூடி விழுந்தாலும் திரும்பாது. அந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாகப் பிறக்குமாம். வெள்ளை முடியும் நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகளிலும் அப்படி உண்டாம். ராத்தா அந்தக் குட்டிக்குக் கையைக் காட்டிக் காட்டியே இரு, வா, போ எல்லாம் பழக்கியிருக்கிறார்.

நான் ஒரு தரம் கேட்டேன்: "ராத்தா, அரபு நாட்டில அரபிகள் நாய் வளப்பாங்களா? நீங்க ஒரு ஆள்தான் அங்க நாயோட இருந்ததாக்கும்."

"பாலைவனத்தில சலூக்கி வளக்கிறாங்க. மெலிஞ்ச நாய், வேட்டைக்கு. அத நாய் என்டு சொன்னா அவங்களுக்குக் கோபம் வரும். கூடாரத்துக்குள்ள விரிப்பில படுத்துக் கிடக்கும். இது நான் கண்டது. மார்க்கத்தில அது சரியா பிழையா என்டு என்னட்டக் கேக்காதீங்க, மௌலவிட்டக் கேளுங்க."

சீனத்து நாயொன்றின் நாக்கு நாவற்பழம் தின்றதுபோல நீலமாக இருக்கும் என்பது அவர் கண்டது. குரைக்கவே குரைக்காத நாய் ஆபிரிக்காவில் இருப்பது அவர் கேட்டது. நமக்குக் கைரேகை போல நாய்க்கு மூக்கு ரேகை, ஒன்றைப் போல மற்றொன்று இராது என்பதும் கேட்டது. "எல்லா நாயின்ட மூக்கையும் நான் பாத்தனா?" என்பார்.

இந்தப் பிரிப்பு விளையாட்டல்ல என்று எனக்குத் தெரியவந்தது கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்.

அன்று ஊரில் பாதி போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஏலாது. என் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அல்லாஹ் காப்பாற்றித் தந்தான். உம்மாவை எடுத்துக்கொண்டான். ராத்தாவின் வீடு அடித்தளத்தோடு போயிற்று, அவருடைய மூத்த சகோதரியும் போனார். மிஞ்சியவர்கள் வயல் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்திலும் அதன் வளவில் அடித்த கூடாரங்களிலும் கிடந்தோம். காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் அங்கே வந்து ஒவ்வொருவராகக் கேட்பார்கள். இரக்கத்தில் பலர், "ஓம், கண்ட மாதிரித்தான் இரிக்கு, லொறியில ஏத்தினாங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு தாய் ராத்தாவிடம் வந்து, தன் மகனைக் கூரையில் கண்டீர்களா என்று கேட்டார். ராத்தா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் காணல்ல தங்கச்சி" என்றார். அந்தத் தாய் கையை உதறிவிட்டுப் போனார். எனக்கே கோபம் வந்தது. ஒரு சொல் மாற்றிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். பின்னொரு நாள் அதே தாய் வந்து ராத்தாவின் பக்கத்தில் அமர்ந்திருந்ததையும் கண்டேன். ஏமாற்றாத ஓர் ஆளின் பக்கத்தில் இருக்க வேண்டும்போல இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு வெள்ளை நாய் வந்து படுத்திருந்தது. கழுத்தில் பச்சை வலைக் கயிறு. என் சின்ன மகளுக்கு அப்போது ஆறு வயது. யாரும் பாராத நேரத்தில் தின்னத் தந்த பாண் துண்டை எடுத்துக்கொண்டு அதன் பின்பக்கமாகப் போய், முதுகைத் தொட்டிருக்கிறாள். நாய் திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்தது. தாடைக்குக் கீழே, கழுத்தோடு.

நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான்: நாயின் வாய் பட்டுவிட்டது. தண்ணீர்க் கேனை எடுத்துக் கழுவினேன், மண்ணை அள்ளிக் கரைத்து அந்தக் காயத்திலேயே தேய்க்கத் தொடங்கினேன். பிள்ளை கத்துகிறாள், நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு தேய்க்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தம்பி, விடுங்க! மண் புண்ணுக்கு இல்ல. சவுக்காரம் எடுங்க, கெதியா!"

ராத்தா பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். சவுக்காரம் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கால் மணித்தியாலம் விடாமல் ஊற்ற வேண்டுமாம். மணிக்கூடு யாரிடமும் இல்லை, கடலோடு போய்விட்டது. அவர் என் மனைவியைப் பார்த்து, "யாஸீன் ஓது புள்ள. ஓதி முடியுமட்டும் நான் ஊத்துறன்" என்றார்.

"யாஸீனா? என்ட புள்ளைக்கு என்ன ஆகப்போகுது ராத்தா?" மனைவி அலறிவிட்டார். அந்த ஒரு கிழமையாக மையித்துகளுக்காக ஓதி ஓதியே எங்கள் வாய் காய்ந்திருந்தது.

"ஒண்டும் ஆகாது. நேரம் பாக்கத்தான் கேட்டன். ஓது."

மனைவி அழுதுகொண்டே ஓதினார். குடிக்க வைத்திருந்த கேன்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. மௌலவியும் வந்துவிட்டார். அவர் என் தோளைத் தொட்டு, "முதல்ல உயிர். மற்றக் கழுவல பொறகு பாப்பம்" என்றார்.

அதற்குள் காசிம் காக்கா கொட்டான் தடியோடு நாயிடம் போய்விட்டார். கூட ஏழெட்டுப் பேர். கத்துகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். நாய் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி சும்மா இருக்கிறது.

"பாருங்க, கூப்பிட்டாலும் திரும்பல்ல, விரட்டினாலும் ஓடல்ல. விசர் நாய்தான்! அடிச்சுப் போடுங்க."

பிள்ளையை என் கையில் தந்துவிட்டு ராத்தா நடுவில் போய் நின்றார். நாயின் முகத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் கல்லில் ஓங்கி அடித்தார். நாய் அசையவில்லை. பிறகு நிலத்தைக் காலால் உதைத்தார். நாய் உடனே திரும்பியது.

"ஒரு கண் நீலம். காது ரெண்டும் கேக்கல்ல. புள்ள பின்னால வந்தது அதுக்குத் தெரியா. பயந்து கடிச்சிரிக்கு."

"அப்ப விசரில்ல என்டு சொல்றீங்களா?" என்றார் காசிம் காக்கா.

"செவிடு என்டு சொல்லுறன். அது கண்டது. விசரில்ல என்டு இப்ப சொல்ல மாட்டன். பத்து நாள் உயிரோட சுகமா இருந்தா, கடிச்ச நேரம் அதுக்கு விசரில்ல. பத்து நாளைக்குப் பொறகு சொல்லுறன். அடிச்சிட்டீங்க என்டா புள்ளைக்கு என்ன வரும் என்டு யாருக்கும் தெரியாமப் போயிரும்."

காசிம் காக்கா கொட்டானைத் தாழ்த்தினார். "சரி. ஆனா இன்னொரு ஆளக் கடிச்சா அந்த இடத்திலயே முடிப்பம். அதுக்குப் பொறகு உங்கட கதையக் கேக்க மாட்டம்."

ராத்தா ஒப்புக்கொண்டார். கயிற்றைப் பிடித்து வேப்ப மரத்தில் கட்டுகிறபோது பின்னால் நின்ற யாரோ ஆத்திரத்தில் ஒரு கல்லை எறிந்தார்கள். கல் நாயின் விலாவில் பட்டது. நாய் துள்ளியது. ராத்தா குனிந்தபடியே, கையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டு, முடிச்சைப் போட்டு முடித்தார்.

அன்றே ஓர் இராணுவ லொறியில் பிள்ளையை அம்பாறைக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள். ஆனால் கடி தலைக்குக் கிட்ட என்பதால் கடித்த இடத்திலேயே ஏற்ற வேண்டிய இன்னொரு மருந்து இருக்கிறதாம், அது அந்த நேரம் கையிருப்பில் இல்லை, கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மிச்ச ஊசிகளுக்குத் தேதி எழுதித் தந்த டொக்டர் கேட்டார்: "நாய் உயிரோட இரிக்கா? நல்லது. கொல்ல வேணாம். நாயில ஒரு மாற்றம் தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே பிள்ளையக் கொண்டு ஓடி வாங்க." அவர் சொன்னதும் ராத்தா சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. என் மகளின் உயிர் அந்த வேப்ப மரத்தில் கட்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

ராத்தா தன் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். மற்றப் பெண்கள் தங்கள் வாளியில் அவரைத் தண்ணீர் அள்ள விடவில்லை. அவர் தனக்கென்று ஒரு கேனைத் தனியே வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வேலை தந்தார்: காலையும் மாலையும் நாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அது குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

"விசர் வந்தா தொண்டை இறுகும், தண்ணி இறங்காது. நீங்க பாக்கணும் தம்பி. நான் சொல்லி நீங்க நம்பினா அது உங்களுக்குக் கேட்ட கததான். உங்கட புள்ள. நீங்க காணணும்."

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியதற்காக அல்லாஹ் பாவத்தை மன்னித்த சம்பவத்தை மத்ரஸாவில் ஓதாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. ஆனால் நாய் தண்ணீர் குடிப்பதை என் வாழ்க்கையில் நான் கிட்ட இருந்து பார்த்ததில்லை. சாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஏழு முழம் தள்ளிக் குந்தினேன்.

"நாக்கப் பாருங்க" என்றார். "பூனை நாக்கு நுனியால தொட்டுத் தொட்டுத் தண்ணிய மேல இழுக்கும். நாய் அப்பிடியில்ல. நாக்கப் பின்னுக்கு மடிச்சு, அகப்பை மாதிரி அள்ளும்."

உண்மைதான். நாக்கு முன்னால் வளையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பின்னால், தாடையின் பக்கமாக மடிந்து, அள்ளியது. தொண்டை இறங்கி ஏறியது. அந்தத் தொண்டையைப் பார்த்து நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். இப்படி ஒரு நாளைக்கு இரண்டு தரம். மூன்றாம் நாள் ஏழு முழம் நாலு முழமாயிற்று.

ஆறாம் நாள் காலை நாய் தண்ணீரை மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் சிரட்டையைத் தள்ளி வைத்தேன். மறுபடியும் மணந்தது, படுத்துக்கொண்டது. காசிம் காக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டார், கொட்டானை எடுத்துவிட்டார். மனைவி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "லொறி எங்க? லொறி எங்க?" என்று ஓடினார்.

"நில்லுங்க!" ராத்தா சிரட்டையைத் தூக்கி மணந்தார். பிறகு என் கேனை மணந்தார். "இது எங்கேருந்து வந்த தண்ணி?"

"இண்டைக்கு வந்த தண்ணிப் பவுசர்ல."

"கிருமி கொல்லுற மருந்த அள்ளிப் போட்டிரிக்கான். மூக்கு எரியுது. எனக்கே இறங்காது, நாய்ட மூக்குக்கு எப்பிடி இரிக்கும்? வயல் பக்கத்துக் கிணத்தில அள்ளிட்டு வாங்க."

ஓடியது நானல்ல, காசிம் காக்கா. கொட்டானைப் போட்டுவிட்டு ஓடினார், கேன் நிறையக் கொண்டுவந்தார், தானே சிரட்டையில் ஊற்றி வைத்தார். நாய் எழுந்தது. குனிந்தது. நாங்கள் மூன்று பேரும் குந்தி அதன் வாயைப் பார்த்தோம். நாக்கு பின்னால் மடிந்தது.

"அள்ளுது... அள்ளுது" என்றார் காசிம் காக்கா, சின்னப் பிள்ளை மாதிரி.

பத்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவி உட்பட எல்லாரும் வேப்ப மரத்தடிக்கு வந்தோம். நாய் தண்ணீர் குடித்தது, பாண் தின்றது, வாலை ஆட்டியது. ராத்தா என் மனைவியைப் பார்த்தார்.

"இப்ப சொல்றன் புள்ள. விசரில்ல. இது நான் கண்டது."

மனைவி அவருடைய தோளில் விழுந்து அழுதார். மிச்ச ஊசிகளையும் ஒன்று விடாமல் போட வேண்டும் என்று ராத்தா அந்த அழுகைக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவப் போனார். ஏழு தரம், ஒரு தரம் மண்ணோடு. தண்ணீர் ஊற்றிக் கொடுத்த மனைவி அவருடைய அபாயாக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டார்.

முன்கையில் நாலு பல் பதிந்த காயம். ஆறத் தொடங்கிய காயம்.

"ராத்தா, இது எப்ப?"

"கட்டின அண்டைக்கு. கல் வந்து விழுந்த நேரம்."

"பத்து நாளா? ஏன் சொல்லல்ல? உங்களுக்கும் ஊசி போட்டிரிக்கலாமே!"

"ஊசிக்கு லொறியில ஏறினா ஊர் அறியும். இன்னொரு ஆளக் கடிச்சா முடிச்சுருவம் என்டாங்க. நாயை முடிச்சா இந்தப் புள்ளைட கதி என்ன என்டு எப்பிடிக் காணுற?"

அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். பிறகு அதைக் கேள்விப்பட்ட டொக்டரும் அவரை நன்றாக ஏசினார். ஏசிவிட்டு அவருக்கும் ஊசி போட்டார். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் நாயின் தொண்டையைப் பார்த்து என் மகளுக்காக மட்டும் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரும் அதே தொண்டையைத்தான் தனக்காகவும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.

கல்லை எறிந்தது யார் என்று அவரிடம் கேட்டோம். "நான் காணல்ல. எனக்குப் பின்னாலேருந்து வந்தது" என்றார். அன்று மஃரிப் தொழுகைக்கு முன் காசிம் காக்கா வயல் பக்கத்திலிருந்து ஒரு வாளி நல்ல மண் கொண்டுவந்து ராத்தாவின் கூடார வாசலில் வைத்தார். "கடல் மண் உப்பு, கைக்குக் கூடாது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வலைக் கயிற்றின் முடிச்சைப் பார்த்து, இது மீன்பிடிகாரர்களின் நாய் என்று ராத்தா முதலிலேயே சொல்லியிருந்தார். மறுநாள் அவரும் நானும் கடற்கரையோரமாகப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கு நடந்தோம். யுத்த காலம். சும்மா ஒரு நாளில் அவர்கள் இங்கே வரவும் நாங்கள் அங்கே போகவும் யோசிக்கிற காலம். உடைந்த தோணியொன்றின் பக்கத்தில் ஒரு மனிதர் தனியே இருந்தார். நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர், "வெள்ளையா! டேய் வெள்ளையா!" என்று கூப்பிட்டுக்கொண்டே எழுந்தார். அதற்குக் காது கேளாது என்று அவருக்கு அதுவரை தெரியாது. நாலு வருஷமாகப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார். அது அவருடைய வாயைப் பார்த்து வந்திருக்கிறது. ராத்தா அவருக்குக் கையால் காட்டுகிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். அவர் வீட்டில் நாயைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை.

யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாள், பின்னேரம், பெருந்தெருவில் வெடி கொளுத்தினார்கள். சிலர் பாற்சோறு கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். மகளுக்கு அப்போது பத்து வயது கடந்திருந்தது. ராத்தாவின் புது வீட்டில் பூனைகள் பயப்படும் என்று ஓடினாள், நானும் பின்னால் போனேன். மூன்று பூனையும் கட்டிலுக்குக் கீழே. ராத்தா தரையில் படுத்துக் கையை நீட்டி அவற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தத்தில ஊர் நாயெல்லாம் எங்க ஓடுதோ" என்றார். "வெள்ளையன் மட்டும் அவர்ட காலடியில நிம்மதியா நித்திரை கொள்ளுவான்."

வழியில் கெடுபிடியென்று ஒரு வருஷத்துக்கு மேலாக ராத்தா அந்தப் பக்கம் போயிருக்கவில்லை. மகள் கேள்வியை விடவில்லை. "கண்டீங்களா மாமி?"

"இல்ல புள்ள."

"அப்ப கேட்ட கதயா?"

"ஆரும் சொல்லவுமில்ல."

"அப்ப இது என்ன கத?"

ராத்தா கட்டிலுக்குக் கீழே கையை வைத்தபடியே யோசித்தார். "இது நான் ஆசப்படுற கத" என்றார், வெட்கத்தோடு.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். திரும்பி வந்ததும் அவள் நேரே ராத்தாவின் அடுப்படிக்கு ஓடினாள். அப்போது ராத்தாவின் கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது, சீனி வியாதியும் இருந்தது. அடுத்த வருஷம் அவரை நாங்கள் மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கினோம். ஆனால் அன்று அவர் முகத்தை நிமிர்த்தி, வழக்கு விசாரிக்கிறவர் மாதிரி இருந்து கேட்டார். என் மகள் எதிரில் குந்தி, கழுத்தை நீட்டி, தாடைக்குக் கீழே அந்தத் தழும்பு தெரியச் சொன்னாள்:

"மாமி, வெள்ளையனுக்கு வயசு போயிட்டு. படுத்துக் கிடந்தான். இது நான் கண்டது. வெடிச் சத்தத்துக்கு அவன் எழும்பவேயில்ல என்டு அந்தத் தோணிக்காரத் தாத்தா சொன்னார். அது கேட்டது."

"அந்த ஆள் பொய் சொல்லக்கூடியவரா?"

மகள் முன்னால் நகர்ந்து குந்தினாள்.

"இல்ல மாமி. வெள்ளையன் அவர்ட பாதத்துக்கு மேல தலைய வெச்சுப் படுத்திருந்தான். நாங்க இருந்த நேரம் முழுக்க அவர் காலை அசைக்கவேயில்ல."